இழுவை லாக் (வாக்கர் எக்செல்சியர் 4): கயிறு, ரோட்டர், பிழைத்திருத்தம்

#1 கூம்பு32

வணக்கம். 32 அடி பாய்மரப் படகில் கேனரித் தீவுகளிலிருந்து கரீபியனுக்கு, வியாபாரக் காற்று நிலைப்பட்ட பிறகு கடக்கத் திட்டம். படகோடு வாக்கர் எக்செல்சியர் 4 இழுவை லாக் (படகு தண்ணீரில் கடந்த தூரத்தை அளக்கும், பின்னால் கயிற்றில் இழுபடும் கருவி) ஒன்று மரப்பெட்டியோடு வந்திருக்கிறது. ரெஜிஸ்டர் (சுற்றை எண்ணி டயலில் மைலாகக் காட்டும் பெட்டி), இரண்டு ரோட்டர் (கயிற்று நுனியில் தண்ணீருக்குள் சுற்றும் இறக்கைத் துண்டு), ஈயக்குண்டு, பித்தளை பிராக்கெட் எல்லாம் உள்ளன. கயிறு இற்றுப்போய்விட்டது. ஒரு ரோட்டரின் இறக்கை லேசாக வளைந்திருக்கிறது. ரெஜிஸ்டரின் சுழல்முனை கையால் திருப்பினால் சுற்றுகிறது, ஆனால் கனமாக.

என்ன கயிறு, எவ்வளவு நீளம்? வளைந்த இறக்கையை நிமிர்த்தலாமா? டயல் காட்டும் தூரத்தை எவ்வளவு நம்பலாம்? அனுபவமுள்ளவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

#2 அமரக்காரன்

கயிற்றிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இந்தக் கருவியில் வரும் தொல்லைகளில் பாதி அங்கேதான் பிறக்கிறது.

இந்தக் கயிறு ரோட்டரை இழுப்பதோடு நிற்பதில்லை. ரோட்டர் தண்ணீருக்குள் சுற்றும் ஒவ்வொரு சுற்றையும் ரெஜிஸ்டருக்குக் கொண்டுவந்து சேர்ப்பதும் அதுதான். அதனால் பின்னல் கயிறு மட்டுமே போட வேண்டும். மூன்று புரி முறுக்குக் கயிறு ஆகவே ஆகாது. ரோட்டர் சுற்றும் திசையைப் பொறுத்து ஒன்று புரி அவிழும், இல்லாவிட்டால் மேலும் மேலும் இறுகும். இறுகிய கயிறு இழுவை தளர்ந்த நொடியில் சுருண்டு சிக்காகிவிடும். அந்தச் சிக்கு விழுந்த இடம் அதற்குப் பிறகு நேராகவே வராது.

பாலியெஸ்டர் பின்னல் கயிறு, 6 மி.மீ. அளவில் போதும். மெலிந்ததாகப் போட்டால் இழுவை குறையும் என்று சிலர் 4 மி.மீ. போடுகிறார்கள். அது சுற்றைச் சரியாகக் கடத்தாது, முறுக்கேறித் துள்ளும். நைலான் நீளும், அலைக்கு அலை வெட்டி இழுக்கும். பாலிப்ரோப்பிலீன் மிதக்கும், ரோட்டரையும் மேலே தூக்கிவிடும். இரண்டும் வேண்டாம்.

நீளத்துக்கு வருவோம். படகின் அடிப்பாகம் தன்னோடு கொஞ்சம் தண்ணீரை முன்னோக்கி இழுத்துக்கொண்டே போகும். அந்தத் தண்ணீருக்குள் ரோட்டர் இருந்தால் படகின் வேகத்தைவிடக் குறைவான வேகம்தான் அதற்குத் தெரியும். அதைத் தாண்டிக் கலங்காத தண்ணீருக்குப் போக வேண்டும். யாட்டுகளுக்கு 60 முதல் 100 அடி வரை. அமரம் (படகின் பின்பக்கம்) உயரமாக இருந்தாலும், படகு வேகமானதாக இருந்தாலும் நீளம் கூட வேண்டும். உங்கள் படகுக்கு 75 அடியில் தொடங்குங்கள். ஆனால் 100 அடிக்கு வாங்கி வையுங்கள். வெட்டிக் குறைப்பது எளிது, நடுவில் முடிச்சுப் போட்டு நீட்டினால் அந்த முடிச்சு சுற்றும்போது ஆடும். பெரிய கப்பல்களில் இதே வாக்கர் கம்பெனியின் செரப் லாக்கை வேகத்துக்கேற்ப 40 பாகத்திலிருந்து 65 பாகம் வரை (ஒரு பாகம் ஆறு அடி) விட்டார்கள். அவ்வளவு நீளம் யாட்டுக்குத் தேவையில்லை. வேகம் குறையும்போது கயிற்றின் எடையே ரோட்டரைக் கீழே இழுத்துவிடும்.

ரோட்டர் முனையில் கயிறு துளைக்குள் நுழைந்து உள்ளே முடிச்சில் நிற்கும். அந்த முடிச்சைக் கட்டும் முன் கயிற்று நுனியை உருக்கி, ஊசி நூலால் தைத்துவிடுங்கள். ரெஜிஸ்டர் பக்கம் கொக்கியில் மாட்ட ஒரு கண் (கயிற்று வளையம்). பின்னல் கயிற்றில் கண் கோர்க்கத் தெரிந்தால் கோர்க்கலாம், தெரியாவிட்டால் போலைன் முடிச்சுப் போட்டு வாலைத் தைத்துக் கட்டலாம். ரோட்டர் தொலைவது பெரும்பாலும் நடுக்கயிறு அறுந்து அல்ல, இந்த இரண்டு முனையில் ஒன்று தேய்ந்துதான். தினமும் ஒருமுறை கொக்கிக் கண்ணைக் கைவிட்டுப் பாருங்கள்.

வளைந்த இறக்கை: அடித்து நிமிர்த்தாதீர்கள். இறக்கையின் சாய்வுதான் ஒரு மைலுக்கு எத்தனை சுற்று என்பதைத் தீர்மானிக்கிறது. நல்ல ரோட்டரின் இறக்கைகளை அட்டையில் வரைந்து வெட்டி, அந்த அச்சை வளைந்ததன் மேல் வைத்துப் பாருங்கள். நுனி மட்டும் மடிந்திருந்தால், இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவில் வைத்து மெதுவாக அழுத்திச் சரிசெய்யலாம். அடிப்பகுதியிலேயே திருகியிருந்தால் அதைக் கடைசிக் கையிருப்பாக ஒதுக்கிவையுங்கள். எந்த ரோட்டருக்கு என்ன பிழை என்று தனித்தனியாகக் குறித்திருந்தால், வளைந்ததைக்கூடப் பயன்படுத்தலாம்.

#3 அலைக்கம்பி

கேட்கிறேன் என்று தவறாக நினைக்க வேண்டாம். கைபேசியிலேயே ஜி.பி.எஸ். இருக்கிறது. வேகம், தூரம் இரண்டையும் அது துல்லியமாகக் காட்டுகிறதே. பிறகு 75 அடி கயிறும் ரோட்டரும் எதற்கு?

#4 நீவாடு

> ஜி.பி.எஸ். வேகம், தூரம் இரண்டையும் துல்லியமாகக் காட்டுகிறதே

காட்டுகிறது, ஆனால் நிலத்தை வைத்து. லாக் காட்டுவது தண்ணீரை வைத்து. இரண்டும் ஒரே அளவு இல்லை. ஜி.பி.எஸ். 6 நாட் (மணிக்கு 6 கடல்மைல்), லாக் 5.4 நாட் என்றால், நீவாடு (கடல் நீரோட்டம்) உங்களைத் தூக்கிக்கொண்டு போகிறது என்று அர்த்தம். பாய் நன்றாக இழுக்கிறதா, எந்தத் திருத்தம் வேகத்தைக் கூட்டியது என்பது தண்ணீர் வேகத்தில்தான் தெரியும். நீரோட்டம் கலந்த எண்ணை வைத்துப் பாயைச் சரிசெய்ய முடியாது.

இன்னொன்று மின்சாரம். நடுக்கடலில் பேட்டரி போனாலும் லாக் சுற்றிக்கொண்டே இருக்கும். படகின் அடியில் பொருத்தும் துடுப்புச்சக்கர லாக் வெப்பக்கடலில் சில வாரத்திலேயே சிப்பியும் பாசியும் பிடித்து நின்றுவிடும். அதை உள்ளே இழுத்துச் சுத்தம் செய்யும்போது துளை வழியே தண்ணீர் பீறிடும். இழுவை லாக்கில் படகின் அடியில் துளையே கிடையாது.

போட்டி விதிக்காகவும் இதைத் தேடுபவர்கள் உண்டு. தனியாளாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றும் 1968 போட்டியின் நினைவாக 2018 ஜூலை 1 அன்று பிரான்சின் லே சாப்லே தொலோனிலிருந்து தொடங்கிய கோல்டன் குளோப் போட்டியில், 1968இல் கிடைத்த வகைக் கருவிகளோடுதான் உலகைச் சுற்ற வேண்டும். வழிகாட்ட ஜி.பி.எஸ். கூடாது. செக்ஸ்டன்ட் (சூரியன், நட்சத்திர உயரத்தை அளக்கும் கருவி), காகித வரைபடம், இழுவை லாக். 2022இல் கிளம்பிய அடுத்த போட்டியும் அப்படித்தான். அதில் நம் இந்திய மாலுமி அபிலாஷ் டோமி 2023 ஏப்ரலில் இரண்டாவதாக வந்து சேர்ந்தார்.

ஜி.பி.எஸ்.ஸை அணைத்துவிடச் சொல்லவில்லை. இரண்டும் இருந்தால்தான் நீவாட்டை அளக்க முடியும்.

#5 கூம்பு32

நன்றி அமரக்காரன் அண்ணா, நீவாடு. இதைக் கடலில் விடுவதற்கும் எடுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறதாமே? சும்மா தூக்கிப் போட்டால் என்ன ஆகும்?

#6 வடகடல்

ரோட்டரைத் தூக்கிப் போட்டால் அது உடனே சுற்ற ஆரம்பித்துவிடும். கயிற்றின் மறுமுனை உங்கள் கையில் இருக்கும். நீங்கள் கொக்கியைத் தேடுவதற்குள் கயிறு முழுக்க முறுக்கேறி, கால் விரலைச் சுற்றும் அளவுக்குச் சுருண்டு கிடக்கும்.

விடும் முறை இது. முதலில் பிராக்கெட்டில் ரெஜிஸ்டரைப் பொருத்தி, கவர்னர் சக்கரத்தை (சுற்றைச் சீராக வைக்கும் சக்கரம்) மாட்டி, கயிற்றின் கண்ணைக் கொக்கியில் போட்டுவிடுங்கள். ரோட்டர் கையிலேயே இருக்கட்டும். கயிற்றின் நடுப்பகுதியை முதலில் கடலுக்குள் விட வேண்டும். அது அமரத்துக்குப் பின்னால் பெரிய வளையமாக இழுபடும். கயிறு முழுக்க வெளியே போனதும், படகின் தடத்துக்கு வெளியே தள்ளி ரோட்டரைக் கைவிடுங்கள். வளையம் நிமிரும்போது ஒரு வெட்டு விழும். அதனால் 5 நாட்டுக்கு மேல் போகும்போது பாயிலிருந்து கொஞ்சம் காற்றை விட்டு வேகத்தைக் குறைத்துக்கொண்டு செய்வது நல்லது.

விட்டவுடன் டயல் நகராது. கயிறு தனக்குள் முறுக்கை ஏற்றிக்கொண்ட பிறகே ரெஜிஸ்டரைத் திருப்பும். இரண்டு மூன்று நிமிடம் கழித்து, சக்கரம் சீராகச் சுற்றும்போது ஆரம்ப எண்ணைக் குறியுங்கள்.

எடுப்பதுதான் முக்கியம். ரெஜிஸ்டர் பக்கமிருந்து கயிற்றை அப்படியே உள்ளே இழுத்துச் சுருட்டினால், ரோட்டர் கடைசி வரைக்கும் சுற்றிக்கொண்டே வரும். அத்தனை முறுக்கும் உங்கள் சுருளுக்குள் அடையும். அப்படிச் செய்யக் கூடாது. கொக்கியிலிருந்து கண்ணைக் கழற்றி, அந்த முனையை அமரத்தின் மறுபக்கம் கொண்டுபோய் அங்கிருந்து கடலுக்குள் விடுங்கள். ஒரு பக்கம் ரோட்டர் கயிற்றை இழுக்க இழுக்க, மறுபக்கம் சும்மா இருக்கும் முனை வெளியே போய்க்கொண்டே இருக்கட்டும். ரோட்டர் கைக்கு வந்ததும் முழுக் கயிறும் வெறும் முனையோடு பின்னால் இழுபட்டுக்கொண்டிருக்கும். முனை கட்டற்றது என்பதால் முறுக்கு தானே கழன்றுவிடும். அதன்பிறகு ரோட்டர் பக்கத்திலிருந்து இழுத்துச் சுருட்டினால் கயிறு புதிதுபோல் அமைதியாக வரும்.

கொக்கியைக் கழற்றும் நொடியில் கண்ணுக்குள் விரலை விடாதீர்கள். ஏறியிருக்கும் முறுக்கு ஒரே வீச்சில் அவிழும். கையுறை போட்டுக்கொண்டு, கண்ணுக்குக் கீழே கயிற்றை இறுகப் பிடித்துப் பிறகு கழற்றுங்கள்.

#7 எண்ணெய்க்குப்பி

ரெஜிஸ்டர் கனமாகச் சுற்றுகிறது என்று முதல் பதிவிலேயே சொல்லியிருக்கிறீர்கள். அதைச் சரிசெய்யாமல் கடலில் விட வேண்டாம். உள்ளே பழைய எண்ணெய் இறுகி அரக்குபோல் ஆகியிருக்கும்.

மூடியைக் கழற்றத் தைரியம் இல்லையென்றால், எண்ணெய்த் துளையின் நகரும் மூடியைத் திறந்து மண்ணெண்ணெய் சில சொட்டு விட்டு, சுழல்முனையைக் கையால் சுற்றிக்கொண்டே இருங்கள். பழுப்பாக வடியும். நிறம் தெளியும் வரை திரும்பத் திரும்ப விட்டு, நன்றாக வடிந்து உலர்ந்த பிறகு தையல் மிஷின் எண்ணெய் விடுங்கள். கிரீஸ் வேண்டாம், அது குளிரில் இறுகும். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது, 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். விளக்கெண்ணெயும் நாளாக நாளாகப் பிசினாகும்.

கயிற்றின் முழு இழுவையும் ரெஜிஸ்டரின் பின்முனையில் இருக்கும் பேரிங்கின் மேல்தான் விழுகிறது. சுழல்முனையை இழுத்துப் பிடித்தபடி திருப்பிப் பாருங்கள். நறநறவென்றால் குண்டுகளில் துரு. அதை மாற்றாமல் அளவு சரிவராது. சும்மா திருப்பும்போது நன்றாக இருந்து, இழுத்துத் திருப்பும்போது மட்டும் கரகரக்கும் ரெஜிஸ்டர்கள் நிறைய உண்டு. கடையில் வாங்கும்போதும் இப்படி இழுத்துச் சோதிக்க வேண்டும்.

ஓடும்போது தினமும் இரண்டு வேளை சில சொட்டு. உப்புத் தண்ணீர் உள்ளே புகாதபடி துளையை மூடுங்கள். டயல் கண்ணாடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். உள்ளே ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் நின்றாலும் பித்தளைப் பற்சக்கரத்தில் பச்சை பூக்கும்.

இந்த உராய்வு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ரோட்டரின் திருப்புவிசை வேகத்தின் வர்க்கத்தோடு குறையும். 6 நாட்டில் இருக்கும் விசையில் ஒன்பதில் ஒரு பங்குதான் 2 நாட்டில் கிடைக்கும். ரெஜிஸ்டரின் உராய்வோ ஏறத்தாழ மாறாது. அதனால் வேகமாகப் போகும்போது கண்ணில் படாத உராய்வு, மெல்லிய காற்றில் மைல்களைத் தின்றுவிடும்.

#8 செக்ஸ்டன்ட்

> டயல் காட்டும் தூரத்தை எவ்வளவு நம்பலாம்?

நல்ல நிலையில் இருக்கும் லாக் கிட்டத்தட்ட மாறாத ஒரு விழுக்காட்டுப் பிழையோடு ஓடும். பிழை இருப்பதில் சிக்கலே இல்லை, அது எவ்வளவு என்று தெரியாமல் இருப்பதில்தான் சிக்கல். ரெஜிஸ்டர், ரோட்டர், கயிற்று நீளம் மூன்றையும் சேர்த்தே அளக்க வேண்டும். ரோட்டரை மாற்றினால் பிழையும் மாறும்.

பொதுவாகச் செய்வது அளவிட்ட மைலில் ஓடுவது. கரையில் இரண்டு ஜோடிக் கம்பங்கள், நடுவில் சரியாக ஒரு கடல்மைல். நீரோட்டத்தை எதிர்த்து ஒருமுறை, நீரோட்டத்தோடு ஒருமுறை, எஞ்சினில் ஒரே வேகத்தில். போக 12 நிமிடம், திரும்ப 10 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 5 நாட், 6 நாட். சராசரி 5.5 நாட். இங்கே பலர் சறுக்குவார்கள்: 2 மைலை 22 நிமிடத்தால் வகுத்து 5.45 என்பார்கள். அது தவறு, ஏனென்றால் எதிர்நீரோட்டத்தில் அதிக நேரம் இருந்தோம். வேகங்களைச் சராசரி எடுக்க வேண்டும், நேரங்களை அல்ல.

5.5 நாட்டில் 22 நிமிடத்தில் தண்ணீர்வழித் தூரம் 2.017 மைல். லாக் 1.943 காட்டினால், உண்மை அதைவிட 3.8 விழுக்காடு அதிகம். இனி லாக் காட்டும் எண்ணை 1.038ஆல் பெருக்க வேண்டும்.

ஓத நீரோட்டம் நிமிடத்துக்கு நிமிடம் மாறுமென்றால் மாறி மாறி நான்கு ஓட்டம் ஓடி, முதல் வேகம், இரண்டாவதின் மூன்று மடங்கு, மூன்றாவதின் மூன்று மடங்கு, நான்காவது, எல்லாவற்றையும் கூட்டி 8ஆல் வகுக்க வேண்டும். சீராக மாறும் நீரோட்டத்தை இது கழித்துவிடும்.

ஆனால் ஒரு குறை. எக்செல்சியரின் சின்ன டயலில் மைலின் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே கண்ணால் மதிப்பிடத்தான் முடியும். 1.943 என்று வாசிக்கவே முடியாது. அதனால் இரண்டு மைல் ஓட்டத்தில் டயலை நம்பாமல் சுற்றுகளை எண்ணுங்கள். கவர்னர் சக்கரத்தின் ஓர் ஆரத்தில் வெள்ளைப் பெயின்ட் பொட்டு வைத்து, மூன்று நிமிடம் எண்ணினால் போதும். 5.5 நாட்டில் மூன்று நிமிடத்துக்கு 240 சுற்று வந்தால் நிமிடத்துக்கு 80. 80ஐ 60ஆல் பெருக்கி 5.5ஆல் வகுத்தால் மைலுக்கு 873 சுற்று. பிறகு துறையில் உட்கார்ந்து, சுழல்முனையைக் கையால் திருப்பி, டயலில் பத்தில் ஒரு மைல் நகர எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். உதாரணத்துக்கு 90 வந்தால் டயலின் மைல் 900 சுற்று. 900ஐ 873ஆல் வகுத்தால் 1.031, அதுதான் உங்கள் பெருக்கு எண். ரோட்டர் ஒன்று, இரண்டு என்று எண் போட்டுப் பெட்டி மூடியின் உட்பக்கம் எழுதி ஒட்டிவிடுங்கள்.

அளவிட்ட மைல் கிடைக்காவிட்டால் நீரோட்டம் இல்லாத விரிகுடாவில் ஜி.பி.எஸ்.ஸோடு ஐந்து மைல் போய் ஐந்து மைல் திரும்பினாலும் சரி.

#9 கூம்பு32

மிகத் தெளிவு, ஐயா. ஒரு சந்தேகம்: பின்னலையில் (பின்னாலிருந்து வரும் அலையில்) லாக் குறைத்துக் காட்டும், எதிரலையில் கூட்டிக் காட்டும் என்று படித்தேன். வியாபாரக் காற்றில் முழுக்க முழுக்கப் பின்னலைதானே? அதற்குத் தனியாக ஏதாவது சேர்க்க வேண்டுமா?

#10 செக்ஸ்டன்ட்

பொதுவிதி அதுதான். எதிரலையில் படகு ஏறி இறங்குவதால் ரோட்டரும் வெட்டி வெட்டி இழுபட்டு, நேர்த்தூரத்தைவிட அதிகமாகச் சுற்றும். பின்னலையில் குறையும். ஆனால் இதற்கென்று நிரந்தர எண் எதுவும் கிடையாது. உச்சிவேளையில் சூரியனைப் பார்த்துக் கணக்கிடும் படகின் நிலைகளை லாக்கோடு ஒப்பிட்டுத்தான் அந்தக் கடலுக்கான எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும்.

#11 அமரக்காரன்

செக்ஸ்டன்ட் சார் சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன். பின்னலையில் யாட்டு லாக் குறைத்துக் காட்டுவதற்குப் பெரும்பாலும் கயிறு குட்டையாக இருப்பதுதான் காரணம். அலை அமரத்தைத் தூக்கும்போது ரோட்டர் மேலே வந்து தண்ணீரை விட்டுத் துள்ளும். துள்ளும் நேரம் முழுக்க அது மைலை எண்ணாது. அலைமுகட்டில் வெள்ளையாக நுரைத்துக்கொண்டு ரோட்டர் கண்ணில் பட்டால் அதுதான் அடையாளம். கயிற்றைக் கூட்டுங்கள், அல்லது உங்கள் பெட்டியில் இருக்கும் ஈயக்குண்டை ரோட்டருக்குச் சில அடி முன்னால் கயிற்றில் கோர்த்துப் போடுங்கள். ரோட்டர் ஆழத்தில் நிற்கும். குண்டின் துளை ஓரம் கூராக இருந்தால் கயிற்றை அறுக்கும். அரம் போட்டு உருட்டிவிட்டு, அந்த இடத்தில் கயிற்றுக்கு நூல் சுற்றுக் கட்டுப் போடுங்கள்.

குண்டு போட்டால் மெல்லிய காற்றில் இன்னும் ஆழமாகத் தொங்கும் என்பதையும் மறக்க வேண்டாம். 2 நாட்டுக்குக் கீழே இறங்கினால் கயிறு சரிந்து, எண்ணும் பொய்யாகும். அந்த நேரத்தில் பதிவேட்டில் கண் மதிப்பில் தூரம் எழுதுவது லாக்கை நம்புவதைவிடச் சரியாக இருக்கும்.

#12 நீவாடு

கரீபியனுக்குப் போகிறவர்கள் பாசியைப் பற்றிக் கேட்டே ஆக வேண்டும். 2011இலிருந்து வெப்ப அட்லாண்டிக்கில் சர்காசம் பாசி பெரும் பட்டையாக மேற்கு ஆப்பிரிக்கப் பக்கத்திலிருந்து கரீபியன் வரை பரவி வருகிறது. ஒரு கொத்து ரோட்டரில் மாட்டினாலே இறக்கைகளுக்கு நடுவில் அடைத்துக்கொண்டு சுற்று நின்றுவிடும். கயிறு மட்டும் சும்மா இழுபடும்.

கண்டுபிடிப்பது எளிது. கவர்னர் சக்கரம் சீராகச் சுற்றாமல் தயங்கித் தயங்கிச் சுற்றும், அல்லது நிற்கும். மணிக்கு மணி எழுதும் பழக்கம் இருந்தால் 5.6, 5.5, 5.7 என்று வந்துகொண்டிருந்த இடத்தில் திடீரென்று 3.9 விழும். படகின் ஓட்டம் மாறவில்லையென்றால் அது பாசிதான். கயிற்றைப் பிடித்து ஓரிரு முறை சுண்டி விட்டால் சில வேளை கழன்றுவிடும். இல்லாவிட்டால் முழுவதும் எடுத்துத்தான் ஆக வேண்டும். கெட்ட மணிக்கு முந்தைய நல்ல மணியின் எண்ணைப் பதிவேட்டில் போட்டு, பக்கத்தில் பாசி என்று எழுதிவிடுங்கள்.

இரவில் சக்கரத்தைப் பார்க்க முடியாது. கயிற்றில் விரல் நுனியை வைத்தால் போதும், சுற்று இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பாசி அடர்ந்த பட்டைகளில் லாக்கை எடுத்து வைத்துவிட்டு நேரத்துக்கு ஒருமுறை மட்டும் விட்டுப் பார்ப்பதும் நியாயமான முடிவுதான்.

அடுத்தது மீன். பளபளக்கும் பித்தளை ரோட்டர் தண்ணீருக்குள் சுற்றுவது பெரிய மீனுக்கு இரைபோல் தெரியும். சுறா கடித்தால் இறக்கை மடியும், அல்லது ரோட்டரே போகும். பித்தளையைத் தேய்த்து மெருகேற்றாதீர்கள். மங்கலான கறுப்புப் பெயின்ட் மெல்லிய ஒரு பூச்சு, பளபளப்பு இல்லாத வகை. பூச்சு தடித்தால் இறக்கையின் வடிவம் மாறும் என்பதால் ஒரு பூச்சோடு நிறுத்துங்கள். பூசிய பிறகு சுற்று எண்ணிப் பார்க்க வேண்டும். கடல் கடக்க இரண்டு ரோட்டர் போதாது. மூன்றாவது ஒன்று தேடுங்கள், கூடவே ஒரு முழுக் கயிறும்.

#13 அலைக்கம்பி

பதில்களுக்கு நன்றி நீவாடு, விஷயம் புரிந்தது. வேறு கம்பெனி ரோட்டர் மலிவாகக் கிடைத்தால் வாக்கர் ரெஜிஸ்டரில் போடலாமா? அப்புறம் இதில் வேகத்தை எப்படி வாசிப்பது? டயல் தூரம்தானே காட்டுகிறது?

#14 வடகடல்

வேறு ரோட்டர் போட்டால் இறக்கைச் சாய்வு வேறு, அதனால் மைலுக்கு இத்தனை சுற்று என்பதும் வேறு. சுற்றும் திசையே மாறிவிட்டால் டயல் பின்னால் ஓடும். செரப்புக்கான பெரிய ரோட்டர்கள், பின்னாளில் வந்த நாட்மாஸ்டர் ரோட்டர்கள் எல்லாம் பழைய கடைகளில் ஒரே குவியலில் கிடக்கும். பெட்டியோடு, ரெஜிஸ்டரோடு ஜோடியாக வந்ததா என்று பார்த்து வாங்குங்கள். ஜோடி இல்லாவிட்டால் செக்ஸ்டன்ட் சார் சொன்ன சுற்றெண்ணும் முறையில் பெருக்கு எண் கண்டுபிடித்த பிறகே நம்பலாம்.

வேகத்துக்கு: இது அடிப்படையில் தூரமானிதான். ஆறு நிமிடத்தில் போன தூரத்தைப் பத்தால் பெருக்கினால் நாட் வரும். ஆனால் டயலில் பத்தில் ஒரு மைல் தவறாக வாசித்தால் ஒரு நாட் பிழை. அரை மணி எடுத்து இரண்டால் பெருக்குவது நல்லது. உடனடி வேகம் வேண்டுமானால் சக்கரத்தின் சுற்றை ஒரு நிமிடம் எண்ணி, 60ஆல் பெருக்கி, மைலுக்கான சுற்றால் வகுக்க வேண்டும். 873 சுற்று ரோட்டர் என்றால் நிமிடத்துக்கு 73 சுற்று 5 நாட். 4, 5, 6, 7 நாட்டுக்கான சுற்று எண்களைச் சின்ன அட்டவணையாக எழுதிச் சுக்கான் பக்கத்தில் ஒட்டிவைத்தால் கணக்குப் போட வேண்டாம்.

#15 செக்ஸ்டன்ட்

பதிவேட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டயலை ஒவ்வொரு காவலிலும் பூஜ்யத்துக்குக் கொண்டுவராதீர்கள். ஓட விடுங்கள், வித்தியாசத்தை எழுதுங்கள். மணிக்கு ஒருமுறையும், திசை மாற்றும் ஒவ்வொரு முறையும், லாக்கை எடுக்கும்போதும் விடும்போதும் எண் குறிக்க வேண்டும். திசை மாற்றிய நேரத்தின் லாக் எண் இல்லாவிட்டால் அந்த நாளின் கணக்கு முழுவதும் ஆட்டம் காணும்.

ஒரு நாள் கணக்கு இப்படி: உச்சியிலிருந்து உச்சிக்கு லாக் 118.4. 1.038ஆல் பெருக்க 122.9 மைல். திசையோடு வரைந்தால் கணிப்பு நிலை. செக்ஸ்டன்ட் எடுத்த நிலை அதிலிருந்து 11 மைல் மேற்கே விழுந்தால், 24 மணி நேரத்தில் 11 மைல், அதாவது 0.46 நாட் நீரோட்டம். வியாபாரக் காற்றுப் பாதையில் மேற்கு நோக்கி அரை நாட் அளவு நீரோட்டம் இயல்புதான், அதனால் லாக்கைச் சந்தேகிக்கத் தேவையில்லை. அதே வித்தியாசம் கிழக்கே விழுந்தால் முதலில் லாக் கூட்டிக் காட்டுகிறதா என்றும், பிறகு நட்சத்திரக் கணக்கையும் பாருங்கள்.

#16 கூம்பு32

படகில் காற்றில் இயங்கும் தானியங்கிச் சுக்கான் இருக்கிறது, அதன் துடுப்பு அமரத்தின் நடுவில் தண்ணீருக்குள் தொங்கும். மீன் தூண்டிலும் இழுக்கலாம் என்று இருக்கிறோம். பிராக்கெட்டை எங்கே பொருத்துவது?

#17 அமரக்காரன்

நடுவில் வேண்டவே வேண்டாம். இடதோ வலதோ, அமரத்தின் ஒரு மூலையில். ரெஜிஸ்டர் தன் பிராக்கெட்டில் எல்லாப் பக்கமும் தாராளமாகத் திரும்ப வேண்டும். கயிறு போகும் நேர்க்கோட்டில் அது நிற்காவிட்டால் கொக்கியும் சக்கரமும் சாய்ந்து உராயும். தூண்டில் எதிர்மூலையில், லாக் கயிற்றைவிட நன்றாகக் குட்டையாக. மீன் மாட்டி ஓரமாக ஓடும்போது இரண்டும் சுற்றிக்கொண்டால் பிரிப்பதற்கு வழியே இல்லை, ஒன்றை வெட்டத்தான் வேண்டும். மீன் அடித்தால் ஒருவர் தூண்டிலைப் பார்க்கட்டும், இன்னொருவர் உடனே லாக்கை எடுக்கட்டும்.

படகைக் காற்றில் நிறுத்தும்போதும், பாயைப் பக்கம் மாற்றும்போது வேகம் செத்துவிட்டாலும் கயிறு தொய்ந்து சுக்கானுக்கும் தானியங்கித் துடுப்புக்கும் அடியில் போகும். நிறுத்தப் போகிறோம் என்று தெரிந்தால் முதலில் லாக்கை எடுங்கள். லாக் வெளியே இருக்கும்போது எஞ்சினைப் பின்னோக்கிப் போடவே கூடாது. 75 அடி கயிறு நேராகத் தொங்கினால் 12 பாகத்துக்கு மேல் இறங்கும். அதைவிட ஆழம் குறைந்த கடலுக்குள் வரும் முன்பே எடுத்து வைத்துவிட வேண்டும்.

#18 எண்ணெய்க்குப்பி

மாற்று ஏற்பாடு பற்றி யாரும் சொல்லவில்லை. ரோட்டர் எல்லாம் தொலைந்தாலும் பழைய கைலாக் செய்துகொள்ளலாம். காற்பங்கு வட்டமாக ஒரு பலகை, ஐந்தாறு அங்குல ஆரம். வளைந்த ஓரத்தில் ஈயத் தகடு, நிமிர்ந்து மிதக்க. மூன்று மூலைக்கும் கயிறு, அதில் ஒன்று மட்டும் முளையில் செருகியது. வெட்டி இழுத்தால் முளை கழன்று பலகை படுத்துக்கொள்ளும், எளிதாக இழுத்துவிடலாம். முதலில் அமரத்துச் சுழலைத் தாண்ட ஒரு படகு நீளம் கயிறு, அதன்பின் முடிச்சுகள். பழைய 28 விநாடி மணற்கடிகாரத்துக்கு 47 அடி 3 அங்குல இடைவெளி. கைக்கடிகாரத்தில் 30 விநாடி வைத்தால் 15.43 மீட்டர், 14 விநாடி வைத்தால் 7.2 மீட்டர். கயிற்றை நனைத்து, இழுத்துப் பிடித்து அளங்கள்.

இழுவை லாக் இதிலிருந்து ஒரே தாவலில் வரவில்லை. எட்வர்ட் மாஸி 1802இல் காப்புரிமை எடுத்ததில் சுழலியும் எண்ணும் பெட்டியும் இரண்டுமே தண்ணீருக்குள். வாசிக்க ஒவ்வொரு முறையும் முழுவதும் எடுக்க வேண்டும். 1861இல் தாமஸ் வாக்கர் இரண்டையும் ஒரே உடலாக்கினார். 1878இல்தான் எண்ணும் பெட்டி கப்பலின் அமரத்துக்கு ஏறியது. கயிறே தண்டாகச் சுற்ற வேண்டிய நிலை வந்ததும் அப்போதுதான். மேலே கயிற்றைப் பற்றிச் சொன்ன அத்தனை தொல்லையும் அதற்குக் கொடுத்த விலை. நின்ற இடத்திலிருந்தே வாசிக்கும் வசதிக்கு அந்த விலை தகும் என்பது என் கருத்து.

#19 கூம்பு32

பாலியெஸ்டர் பின்னல் 6 மி.மீ., 100 அடியாக இரண்டு துண்டு வாங்குகிறேன். ரெஜிஸ்டரில் மண்ணெண்ணெய் விட்டேன், கருஞ்சிவப்பாக வடிகிறது. கடைசியாக ஒரு கேள்வி: இழுவை லாக்கைச் சரிபார்க்க, நடுக்கடலில் ஜி.பி.எஸ். தொடாமல் ஏதாவது வழி உண்டா?

#20 செக்ஸ்டன்ட்

உண்டு. அணியத்தில் (படகின் முன்பக்கம்) ஒருவர் நின்று ஒரு மரத்துண்டையோ ரொட்டித் துண்டையோ படகிலிருந்து கொஞ்சம் தள்ளி, முன்னோக்கி வீசட்டும். அது அணியத்தின் குறியைத் தாண்டும்போது அவர் குரல் கொடுக்க, அமரத்தின் குறியைத் தாண்டும் வரை இன்னொருவர் நேரம் எடுக்க வேண்டும். குறிகளுக்கு இடையிலுள்ள மீட்டரை விநாடியால் வகுத்து 1.944ஆல் பெருக்கினால் நாட். 10 மீட்டருக்கு 4 விநாடி என்றால் 4.86 நாட். கால் விநாடி தவறினாலே 0.3 நாட் மாறும். அதனால் பத்து முறையாவது வீசிச் சராசரி எடுங்கள். அதே நேரத்தில் சக்கரத்தின் சுற்றையும் ஒருவர் எண்ணிக்கொண்டிருந்தால் ஒப்பீடு சரியாக இருக்கும். பின்னலை தூக்கித் தள்ளும் நேரத்தில் செய்யாதீர்கள், அலை தணிந்த காலை நேரமே நல்லது.

கருஞ்சிவப்பு தெளிந்த பிறகும் ஒருநாள் ரெஜிஸ்டரைத் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள், இல்லாவிட்டால் அடியில் தங்கிய மண்ணெண்ணெய் புது எண்ணெயைக் கரைத்துவிடும்.